இரவு நின்ற கார் காலையில் தாமதமாகப் பிடித்தால் முதலில் எதை அளப்பது?

கேள்வி சுருக்கமாக இது: 2006ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் 1.6, சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇயைப் புதுப்பித்து ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் ஸ்டார்ட்டர் ஐந்தாறு வினாடி சுற்றிய பிறகுதான் இன்ஜின் பிடிக்கிறது. தேக்காவில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தாலும் சில நாள் இதே தொல்லை. பிடித்துவிட்டால் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பேட்டரி, ப்ளக் இரண்டும் மாற்றியாயிற்று. இப்போது பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இன்னும் வேண்டாம். பம்ப் பக்கம் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகினாலும் இதே அறிகுறிதான் தெரியும். அது இன்ஜெக்டராக இருந்தால், புது பம்ப் போட்ட மறுநாள் காலையிலும் அதே ஆறு வினாடி சுற்றும். இரண்டையும் பிரித்துக் காட்ட, காசு செலவில்லாத சோதனைகள் இருக்கின்றன. இரண்டு காலை ஒதுக்கினால் போதும்.

அதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? மெதுவாகச் சுற்றினால் கீழே நான் சொல்லும் பெட்ரோல் கதை எதுவும் பொருந்தாது. பேட்டரி புதிது என்பது போதாது. மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: இரவு நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரோ அதன் முனையோ அரித்திருக்கிறது. இருபது வயதை நெருங்கும் வண்டியில் பேட்டரியை மூன்று முறை மாற்றியும் தீராத பிரச்சினை இந்த ஒரு வயரில் முடிந்துவிடுவதுண்டு. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்து சுற்றவே இல்லை என்றால், பழைய டென்சோ ஸ்டார்ட்டர்களில் உள்ளே இருக்கும் செம்புக் காண்டாக்ட் தேய்ந்திருக்கும். முழு ஸ்டார்ட்டரை வாங்காமல் காண்டாக்டை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

உங்கள் வண்டியில் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

காலையில் மட்டும் தொல்லை என்று இணையத்தில் தேடினால், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் எழுதியது வந்து குவியும். அங்கே காலை என்றால் உறைபனி. எண்ணெய் கெட்டிப்படும், பெட்ரோல் ஆவியாகாது, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ ஏகப்பட்ட பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். நம் ஊரில் விடியற்காலையில்கூட 25, 26 டிகிரி இருக்கும். அந்த வெப்பத்தில் பெட்ரோல் எளிதாக ஆவியாகும், கூடுதல் பெட்ரோலும் அதிகம் தேவைப்படாது. ஆகவே சிங்கப்பூரில் காலைத் தொல்லைக்குக் குளிர் காரணமாக இருப்பது அரிது. பெரும்பாலும் காரணம் நேரம்தான். எட்டு மணி நேரம் சும்மா நின்றபோது ஏதோ ஒன்று கசிந்திருக்கிறது. அது எங்கே, எந்தத் திசையில் கசிந்தது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்ஜெக்ஷன் வண்டியில், இன்ஜினை அணைத்த பிறகும் பெட்ரோல் குழாயில் அழுத்தம் நிற்க வேண்டும். உங்கள் ஆல்டிஸின் இசட்இசட் வகை இன்ஜின்களுக்கு, ஓடும்போது 304 முதல் 343 கிலோபாஸ்கல், அதாவது 44 முதல் 50 பிஎஸ்ஐ வரை இருக்க வேண்டும். அணைத்து ஐந்து நிமிடம் கழித்தும் குறைந்தது 147 கிலோபாஸ்கல், 21 பிஎஸ்ஐ, மிஞ்சியிருக்க வேண்டும். இந்த மிச்ச அழுத்தத்துக்கு இரண்டு வேலை. ஒன்று, அடுத்த முறை சாவி திருப்பியதும் இன்ஜெக்டர் உடனே பீய்ச்சும்படி குழாயை நிரம்ப வைத்திருப்பது. இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சூடான இன்ஜினை அணைத்தால் தண்ணீரும் காற்றும் ஓடுவது நின்றுவிடுவதால், பானெட்டுக்கு அடியில் வெப்பம் முதல் அரை மணி நேரத்துக்கு ஏறும். அந்த வெப்பத்தில் பெட்ரோல் கொதித்து ஆவியாகாமல் அழுத்தம்தான் காக்கிறது. அழுத்தம் போய்விட்டால், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான ரெயிலில் இருப்பது ஆவி. இன்ஜெக்டர் திறந்தாலும் ஆவிதான் வரும்.

அதனால்தான் காலைத் தொல்லையும் தேக்காவின் அரை மணி நேரத் தொல்லையும் இரண்டு நோய்கள் அல்ல. அழுத்தம் நிற்கவில்லை என்ற ஒரே காரணம் இரண்டையும் விளக்கிவிடும். இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, காலைக்கு ஒரு பாகம், மதியத்துக்கு ஒரு பாகம் என்று மாற்றிக்கொண்டே போவதில்தான் பணம் கரைகிறது.

அழுத்தம் இரண்டு வழியில் போகலாம். பின்னோக்கி, டேங்குக்குள்: பம்பின் வாயில் இருக்கும் ஒருவழி வால்வு, அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டர், அல்லது அவற்றை இணைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் வழியாக. முன்னோக்கி, இன்ஜினுக்குள்: ஒழுகும் இன்ஜெக்டர் வழியாக. பின்னால் போனால் காலையில் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதாது. முன்னால் போனால் பெட்ரோல் அதிகம். சிகிச்சை மட்டுமல்ல, சோதனையும் நேரெதிர்.

முதல் நாள் காலை சோதனை: ஆக்ஸிலரேட்டர் மிதியைத் தொடாமல் ஸ்டார்ட்டரை இரண்டு வினாடி மட்டும் சுற்றுங்கள். பிடிக்காவிட்டாலும் நிறுத்தி, சாவியை முழுதும் அணைத்து, ஐந்து வினாடி பொறுத்து, மறுபடி சுற்றுங்கள். இரண்டாவது முறை சட்டென்று பிடித்தால், முதல் சுற்றில் பம்ப் காலிக் குழாயை நிரப்பியிருக்கிறது என்று பொருள். கசிவு பின்பக்கம். இங்கே ஒரு எச்சரிக்கை. 'சாவியை ஆன் செய்து பம்ப் ஓடும் சத்தத்தைக் கேளுங்கள், மூன்று முறை ஆன்-ஆஃப் செய்து பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள்' என்று எல்லாரும் சொல்வார்கள். ஹோண்டா, மிட்சுபிஷி போன்ற பல வண்டிகளில் அது சரி, ஆன் செய்ததும் பம்ப் ஓரிரு வினாடி ஓடி நிற்கும். ஆனால் பல பழைய டொயோட்டாக்களில் ஆன் செய்தால் பம்ப் ஓடாது, ஸ்டார்ட்டர் சுற்றத் தொடங்கியதும்தான் ஓடும். சத்தம் கேட்கவில்லை என்பதற்காகப் பம்பைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள்.

இரண்டாம் நாள் காலை: ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். பெரும்பாலான இசியூக்கள் இதை 'பெட்ரோல் தேங்கியிருக்கிறது, காலி செய்' என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு இன்ஜெக்டரை நிறுத்தும், அல்லது வெகுவாகக் குறைக்கும். இப்படிச் செய்தால் சீக்கிரம் பிடிக்கிறது, பிடித்ததும் முதல் சில வினாடி ஒரு சிலிண்டர் தடுமாறுகிறது, புகைக்குழாயில் கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வருகிறது என்றால் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. பிடித்த உடனே மிதியை விட்டுவிடுங்கள், குளிர்ந்த இன்ஜின் அலறக்கூடாது. எந்தச் சோதனையிலும் ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் பத்து வினாடிக்கு மேல் சுற்றாதீர்கள். இடையில் அரை நிமிடம் ஆறவிடுங்கள்.

இந்த இரண்டு சோதனையும் திசையைச் சொல்லும். தீர்ப்பைச் சொல்வது அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜ். காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும், பம்பைக் கழற்றும் முன் கேஜ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வண்டியின் ரெயிலில் கேஜ் மாட்ட தனி முனை கிடையாது. குழாய் ரெயிலோடு சேரும் இடத்தைக் கழற்றி நடுவில் ஒரு 'டி' அடாப்டர் போட வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டுத்தான் பலர் நேராகப் பம்புக்குப் போகிறார்கள். பம்ப் பக்கத்தை மூடும் சிறு வால்வு உள்ள அடாப்டராக இருந்தால் வேலை சுத்தமாக முடியும். இன்ஜினை ஓட்டி, அணைத்து, முள்ளைப் பாருங்கள். சில வினாடியில் பூச்சியத்துக்கு விழுந்தால் டேங்குக்குள்தான் கசிவு. மெல்ல இறங்கினால், மறுபடி ஓட்டி அணைத்த கையோடு அந்த வால்வை மூடுங்கள். இப்போது முள் நின்றால் குற்றம் டேங்கில், மூடியும் இறங்கினால் இன்ஜெக்டரில்.

ஓடும்போதே 304க்குக் கீழே இருந்தால் அது வேறு விஷயம். பம்ப் பலவீனமாகியிருக்கலாம், அல்லது பம்புக்குப் போதிய மின்சாரம் போகாமல் இருக்கலாம். இன்ஜின் ஓடும்போது பம்பின் கனெக்டரில் அளந்தால் பேட்டரி வோல்ட்டைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக்கூடாது. குறைந்தால் ரிலே, கனெக்டர், எர்த் ஆகியவற்றைப் பாருங்கள், புது பம்பும் அதே பசியோடுதான் இருக்கும்.

டேங்கைத் திறப்பது முடிவாகிவிட்டால், வேலை பின் சீட்டின் அடியில். சீட்டைத் தூக்கினால் ஒரு மூடி, அதன் கீழே பம்ப் தொகுதி. ஃபில்டரும் ரெகுலேட்டரும் அதே தொகுதியில்தான் இருக்கின்றன, இன்ஜினிலிருந்து திரும்பி வரும் குழாய் இந்த வண்டியில் இல்லை. ஒருவழி வால்வு பம்ப் மோட்டாரின் பகுதி, அதைத் தனியாக மாற்ற முடியாது. ஆனால் பம்பை மட்டும் மாற்றிவிட்டு, ரெகுலேட்டரின் பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. இத்தனை வருடம் பெட்ரோலில் ஊறி இறுகிய ரப்பர், அசைத்த பிறகு முன்னைவிட மோசமாகக் கசியும். ஓ-ரிங்குகள், அடியில் இருக்கும் வலைப்பை, மேல்மூடி கேஸ்கெட் மூன்றும் புதிதாக இருக்கட்டும். மலிவான பம்புகளில் அழுத்தம் சரியாக வரும், ஒருவழி வால்வுதான் மட்டமாக இருக்கும். புது பம்ப் போட்டும் அதே தொல்லை என்று வருபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். மாட்டிய அன்றே கேஜ் போட்டு, அந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்து காட்டச் சொல்வது உங்கள் உரிமை.

பம்ப் மோட்டாரைக் குளிர்விப்பது டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான். எப்போதும் விளக்கு எரியும்வரை ஓட்டிவிட்டு இருபது வெள்ளிக்குப் போடும் பழக்கம் பம்பின் ஆயுளைக் குறைக்கும். அடிக்கடி ஜோகூர் போகிறவர்கள், முக்கால் டேங்க் பெட்ரோலோடுதான் எல்லையைத் தாண்ட வேண்டும் என்ற விதியை எவ்வளவு திட்டினாலும், அவர்கள் வண்டியின் பம்ப் அதற்கு நன்றிதான் சொல்லும்.

கசிவு இன்ஜெக்டரில் என்றால் டேங்குக்குள் ஊற்றும் கிளீனர் பாட்டிலை நம்பி உட்கார வேண்டாம். பிசின் படிந்து சரியாகப் பீய்ச்சாத இன்ஜெக்டருக்கு அது கொஞ்சம் உதவலாம். மூடாத இன்ஜெக்டருக்குப் பெரும்பாலும் உதவாது. எது ஒழுகுகிறது என்று பார்க்க, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் நான்கு ப்ளக்கையும் கழற்றுங்கள். ஒன்று மட்டும் ஈரமாகவோ கறுத்தோ இருந்தால் அந்த சிலிண்டர்தான். மீண்டும் மாட்டும்போது இடைவெளி 1.1 மில்லிமீட்டர் என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்டர் காயிலின் தடை அறை வெப்பத்தில் 13, 14 ஓம் இருக்கும். ஆனால் தடை சரியாக இருப்பதற்கும் ஒழுகாமல் இருப்பதற்கும் சம்பந்தமில்லை. 'மீட்டர் வைத்துப் பார்த்தோம், நல்லாத்தான் இருக்கு' என்ற பதிலை ஏற்காதீர்கள். பெஞ்சில் மாட்டி, முழு அழுத்தத்தில் மூடிய நிலையில் வைத்துத் துளி விழுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. கழற்றினால் நான்கையும் சேர்த்துக் கழுவி, மேல் கீழ் ரப்பர்களை மாற்றிவிடுங்கள்.

அழுத்தம் கெட்டியாக நிற்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால்தான் சென்சார்கள் பக்கம் போக வேண்டும். இசியூ வைத்திருக்கும் தகவலைப் படித்துக் காட்டும் ஒரு சாதாரண ஓபிடி ரீடர் இருந்தால் இந்த வேலையில் முக்கால்வாசி முடியும். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்து, கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் படியுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக, வெளி வெப்பத்தை ஒட்டி, 27, 28 என்று இருக்க வேண்டும். காற்று 28 என்றும் கூலண்ட் 60 என்றும் காட்டினால், இன்ஜின் சூடாக இருக்கிறது என்று இசியூ நம்பிப் பெட்ரோலைக் குறைத்துக்கொடுக்கிறது. இப்படிப் பொய் சொல்லும் சென்சாருக்குப் பெரும்பாலும் எச்சரிக்கை விளக்கு எரியாது, வயர் முழுதாக அறுந்தால் பி0118 போன்ற பிழைக் குறியீடு வரும். கழற்றி அளந்தால் 20 டிகிரியில் 2.3 முதல் 2.6 கிலோஓம், 80 டிகிரியில் 0.31, 0.32 கிலோஓம் அளவில் இருக்க வேண்டும்.

அதே ரீடரில் ஆர்பிஎம்மை (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதை) திறந்து வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். 200 ஒட்டி ஏதோ ஓர் எண் தெரிய வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் பூச்சியமே காட்டினால், இன்ஜின் சுற்றுவதை இசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் அல்லது அதன் வயர். சூடானால் மட்டும் சாகும் கிராங்க் சென்சார் பழைய வண்டிகளில் சகஜம். ஓடிக்கொண்டிருக்கும்போதே தீவு விரைவுச்சாலையில் அணைந்து, ஒரு மணி நேரம் ஆறிய பிறகு ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். குளிர்ந்த பிறகு அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும். அது பிடிக்காத அந்த நிமிடத்தில்தான் பார்க்க வேண்டும், அல்லது ஹேர் டிரையரால் சூடாக்கிப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டி ஓடும்போது அணைவதில்லை என்பதால் எனக்கு அதன்மேல் பெரிய சந்தேகமில்லை.

1990களின் ஹோண்டா சிவிக், அக்கார்ட் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: உச்சி வெயிலில் திறந்தவெளியில் நிறுத்திய பிறகு மட்டும் ஸ்டார்ட் ஆகாமல், ஜன்னலைத் திறந்து வைத்தால் சிறிது நேரத்தில் சரியாகிறது என்றால், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மெயின் ரிலேயின் ஈய ஒட்டுகள் வெடித்திருக்கும். திறந்து, ஒட்டுகளை மறுபடி ஈயம் வைத்து உருக்கினால் போதும்.

பெட்ரோல் நிரப்பிய உடனே மட்டும் தொல்லை என்றால், டேங்கின் ஆவியை அளவாக இன்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது. டேங்கின் ஆவி முழுவதும் இன்ஜினுக்குள் போய்க் கலவையைக் கெடுக்கிறது. குழாயைக் கழற்றி, இன்ஜின் அணைந்த நிலையில் வால்வில் ஊதிப் பாருங்கள், காற்று போகக்கூடாது. பெட்ரோல் நிலையத்தில் பம்ப் தானாக நின்ற பிறகும் பில்லை முழு எண்ணாக்க இரண்டு முறை கூடுதலாக அமுக்குவதுண்டு. அந்த ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் திரவப் பெட்ரோல் போக அது ஒன்றே போதும். 'போதும் அண்ணே' என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

மிதியைக் கொஞ்சம் மிதித்தால் பிடிக்கிறது, விட்டால் அணைகிறது என்றால், மிதிக்காதபோது காற்றை விடும் ஐடில் வால்விலும், மிதித்தால் திறக்கும் த்ராட்டில் வாயிலும் கரி. த்ராட்டில் கிளீனர், துணி, அரை மணி நேரம். ஸ்டார்ட் ஆகி ஓரிரு வினாடியில் அணைந்து, டேஷ்போர்டில் பூட்டுப் படமும் மினுக்கினால், திருட்டைத் தடுக்க சாவியை அடையாளம் பார்க்கும் இம்மொபிலைசர், இரண்டாவது சாவியால் முயன்று பாருங்கள்.

பெட்ரோல் குழாயைக் கழற்றும் எந்த வேலைக்கும் முன் அழுத்தத்தை இறக்க வேண்டும். பம்பின் கனெக்டரைக் கழற்றிவிட்டு இன்ஜினைத் தானாக அணையும்வரை ஓடவிட்டு, மறுபடி இரண்டு வினாடி சுற்றி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். அப்போதும் கொஞ்சம் தெறிக்கும், இணைப்பின்மேல் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். இதை வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது, தாழ்ந்த கூரையும் சுவரும் உள்ள இடத்தில் தரையோடு தேங்கி நிற்கும்.

எவ்வளவு செலவழிக்கலாம் என்பது சிஓஇயில் மிச்சம் இருக்கும் காலத்தைப் பொறுத்தது. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்து அதில் ஒரு வருடம்தான் பாக்கி என்றால் மறுபடி புதுப்பிக்க வழியில்லை. ஒருவழி வால்வு மட்டும் கசிகிறது, ஓடும்போது அழுத்தம் சரி என்றால், காலையில் இரண்டு முறை சுற்றிக்கொண்டே அந்த வருடத்தை ஓட்டிவிடலாம், அதனால் இன்ஜினுக்குக் கேடில்லை. ஒழுகும் இன்ஜெக்டரை அப்படி விடக்கூடாது. பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு இறங்கி இன்ஜின் எண்ணெயில் கலக்கும், எரியாதது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுடும். பத்து வயது தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டியிருப்பதால், புகை அளவிலும் அது மாட்டிவிடும்.

இரண்டு காலைச் சோதனையின் முடிவு, ஸ்டார்ட் செய்யும் முன் ரீடர் காட்டிய இரண்டு வெப்பநிலை, கேஜ் போட்டால் ஓடும்போதும் அணைத்த ஐந்தாவது, இருபதாவது நிமிடத்திலும் வந்த எண்கள், இவற்றைக் கேள்வியோடு சேர்த்து எழுதுங்கள். பம்பா, ஓ-ரிங்கா, இன்ஜெக்டரா என்பதை அந்த எண்களை வைத்தே சொல்லிவிட முடியும்.